ஒரு ஹெக்டேர் அமேசான் காட்டை வெட்டினால் யாருக்கு லாபம்?

வனக் கார்பன் திட்டங்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் தொழில். கார்பன் கிரெடிட் (காடழிப்பைத் தடுத்துத் தவிர்த்த கார்பன் வெளியேற்றத்துக்கான, விற்கக்கூடிய சான்று) வாங்க நினைக்கும் நிறுவனங்களின் நிதிப் பிரிவினர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: காட்டை வெட்டுவதால் கிடைக்கும் வருமானத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் காடழிப்பு நின்றுவிடாதா? கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வருமானம் எதிலிருந்து வருகிறது என்பதைச் சரியாக அறியாமல் பணம் கொடுத்தால், பணமும் போய்விடும், காடும் போய்விடும். பிரேசிலின் அமேசான் பகுதியைப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் கார்பன் கணக்கு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளந்து, அந்த இனத்தின் மர அடர்த்தியையும் சேர்த்து உலர் எடையைக் கணிக்கிறோம். அதில் ஏறத்தாழ பாதி கார்பன். காடழிப்பைக் குறைத்ததற்காக நன்கொடை பெறவென 2008-இல் தொடங்கப்பட்ட பிரேசிலின் அமேசான் நிதியம், மிகைப்படுத்திவிட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, ஹெக்டேருக்கு 100 டன் கார்பன் என்று குறைத்தே கணக்கிட்டது. அது முழுவதும் ஆக்சிஜனுடன் சேர்ந்து காற்றில் கலந்தால் 367 டன் கார்பன் டை ஆக்சைடு. நிதியம் வைத்த டன்னுக்கு 5 டாலர் என்ற விலையில் 1,835 டாலர். அதே ஹெக்டேரை மேய்ச்சல் நிலமாக்கினால் அதில் மேய்வது சராசரியாக ஒரு மாடு, அல்லது சற்றே கூடுதல். உரமிடாத மண்ணில் சில ஆண்டுகளிலேயே புல்லும் மெலிந்துவிடும். மாட்டிறைச்சியை மட்டும் எதிர்த்தட்டில் வைத்தால், நிற்கும் காடு எளிதில் வென்றிருக்க வேண்டும்.

வெல்லாததற்குக் காரணம், எதிர்த்தட்டில் இருப்பது மாடு மட்டுமல்ல, நிலமும்கூட. பிரேசில் அமேசானில் எந்தப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கப்படாத அரசுக் காடு 5 கோடி ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது. ஆக்கிரமிப்பவர் முதலில் விலைபோகும் மரங்களை விற்கிறார். மற்றவற்றை வெட்டிச் சாய்த்துக் கோடையில் எரிக்கிறார். புல் விதைத்து மாடுகளை விடுகிறார். அந்த மாடுகளின் முதல் வேலை, நிலம் தன் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக நிற்பது. பிறகு பட்டாவுக்குக் காத்திருக்கிறார், அல்லது பட்டா வரும் என்ற நம்பிக்கையையே விலையாக்கி அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார். பாரா மாநிலத்தில் பிஆர்-163 நெடுஞ்சாலை ஓரமாகவும், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொண்ட சாவோ பெலிக்ஸ் டோ சிங்குவிலும் காடு சுருங்கியதில் இந்த நில வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கேதான் கார்பன் பணம் திணறுகிறது. வெட்டுபவருக்கு அந்த நிலத்தில் சட்டப்படி உரிமை இல்லை. அவருக்குப் பணம் கொடுத்தால் ஆக்கிரமிப்புக்கே பரிசு கொடுத்ததாகும். கொடுக்காவிட்டால் அவர் வெட்டாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. போதாக்குறைக்கு, அரசு தானே அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 2004 டிசம்பருக்கு முன் குடியேறியவர்களுக்குப் பட்டா வழங்க வழி செய்தது. 2017-இல் வந்த சட்டம் அந்த வரம்பை 2008 ஜூலைக்குத் தள்ளியது. 2012-ஆம் ஆண்டின் வனச் சட்டமும் 2008 ஜூலைக்கு முந்தைய சட்டவிரோத வெட்டுகளில் பெரும்பகுதியை மன்னித்தது. ஒருமுறை நகர்ந்த தேதி மறுபடியும் நகரும் என்று எதிர்பார்த்து இன்று கோடரி எடுப்பவர், தன் கணக்கில் தவறு செய்யவில்லை. அந்தக் கணக்கு லாபமாக வரும்படி விட்டுவைத்ததுதான் தவறு என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறான சான்றும் அதே நாட்டில் இருக்கிறது. 2004-இல் சுமார் 27,700 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டு அழிவு, 2012-இல் சுமார் 4,600 ஆகக் குறைந்தது. பெரும் பரப்பிலான அரசுக் காடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாகவும் பழங்குடி நிலங்களாகவும் அறிவிக்கப்பட்டன; அறிவித்த இடத்தில் பட்டா கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வற்றியது. செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்ததும் அதிகாரிகள் களத்துக்குச் சென்றார்கள். 2008 முதல், நில ஆவணமும் சுற்றுச்சூழல் விதிகளைக் கடைப்பிடித்ததற்கான சான்றும் இல்லாதவர்களுக்கு அமேசான் பகுதியில் வேளாண் கடன் மறுக்கப்பட்டது. நார்வேயும் ஜெர்மனியும் அமேசான் நிதியத்துக்கு அளித்த பணம் இந்தப் பணிக்கு வலுவூட்டியது உண்மையே; ஆயினும் வெட்டுபவரின் லாபத்தை நேரடியாகத் தாக்கியவை நிலமும் கடனும் சார்ந்த முடிவுகள்தான். அந்தப் பிடி தளர்ந்தபோது, 2021-இல் அழிவு மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. கண்காணிப்பு திரும்பியதும் 2024-இல் அதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாட்டையொட்டித் தொடங்கப்பட்ட வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதியத்தின் வடிவமைப்பை நான் வரவேற்பது இதனால்தான். நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 டாலர் என்ற இலக்கு ஆக்கிரமிப்பாளரை மயக்காது. ஆனால் தொகை போய்ச்சேருவது அரசிடம். அழியும் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் பல மடங்கு பிடித்தம் உண்டு. குறைந்தது 20 விழுக்காடு பழங்குடி, உள்ளூர்ச் சமூகங்களுக்கு. பட்டா வரம்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ அவருக்கே தள்ளாமலிருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. தேவையான மூலதனம் சேர்ந்தால்தான் அது முழுமையாக நடைமுறைக்கு வரும்.

தனித்தனித் திட்டங்களின் கிரெடிட்டுகளை வாங்குவோர் இதைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற ஊகத்திலிருந்துதான் கிரெடிட் பிறக்கிறது. ஊகத்தை உயர்த்தினால் விற்பனைச் சரக்கும் உயர்கிறது. 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் சொன்னதைவிட மிகக் குறைவாகவே குறைத்தன என்றும் கண்டது. ஆகவே மரங்களின் படங்களைத் தாண்டி ஆவணத்தின் நிலவுரிமைப் பகுதிக்குச் செல்லுங்கள். அந்தக் காடு யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து, பக்கத்து நிலத்தின் விலை திட்டம் தொடங்கியபின் எப்படி மாறியது என்று கேளுங்கள். வேலிக்கு அப்பால் வெட்டு கூடியிருந்தால், உள்ளே காத்த டன்களிலிருந்து அதைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எழுத்தில் விடை வராத திட்டத்துக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பணம் கட்ட வேண்டாம் என்றே நான் எழுதிக் கொடுக்கிறேன்.