கடையில் தெரியாத கறுப்பு

போன டிசம்பரில் குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, புது டிவிக்குள்ள மிஸ்ட் எறங்கின மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

மகன் வாங்கி அனுப்பிய 55 இஞ்ச் எல்சிடி அது. பகலில் போனால் எதுவும் தெரியாது என்பதால் இரவு ஏழு மணிக்கு மேல் போனேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, பென் டிரைவில் எப்போதும் வைத்திருக்கும் முழுக் கறுப்புப் படத்தைப் போட்டேன். கறுப்பு வரவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம். கீழே இரண்டு மூலையிலும் பின்னால் இருந்து யாரோ டார்ச் அடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. டீச்சர் கண்ணில் பட்டது உண்மைதான். ஆனால் டிவியில் பழுது எதுவும் இல்லை. அந்த வகை டிவி இருட்டறையில் அப்படித்தான் காட்டும்.

குன்னூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருடத்துக்கு மேலாக டிவி சர்வீஸ் செய்கிறேன். "ஓஎல்இடி நல்லதா, எல்சிடி நல்லதா?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். எந்த அறையில், எந்த நேரத்தில், என்ன பார்ப்பீர்கள் என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

எல்சிடி திரைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் திரவப் படிக அடுக்கு, குட்டிக் குட்டி ஜன்னல் கதவுகள் மாதிரி. கறுப்பு வேண்டிய இடத்தில் கதவு மூடும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசியத்தான் செய்யும். எல்சிடியிலேயே ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகைத் திரை உண்டு. ஐபிஎஸ் வகையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே சுமார் 1,000 மடங்குதான் வித்தியாசம். விஏ வகையில் 3,000, 5,000 என்று போகும். அதனால் விஏ திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சின்ன அறை. டிவிக்கு நேர் எதிரே ஒருவர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் எல்லாம் பக்கவாட்டில்.

ஓஎல்இடியில் பின் விளக்கே கிடையாது. 4கே திரையில் இருக்கும் சுமார் 83 லட்சம் புள்ளிகளும் தாமே எரியும், தாமே அணையும். கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிட்டது, அவ்வளவுதான். இரவில் கேத்தி பள்ளத்தாக்கை மேலே இருந்து பார்த்திருப்பீர்கள். அங்கங்கே புள்ளி புள்ளியாக வீட்டு விளக்குகள், நடுவில் முழு இருட்டு. அந்தக் காட்சியை ஓஎல்இடி அப்படியே காட்டும். சாதாரண எல்சிடியில் பள்ளத்தாக்கு முழுவதும் மங்கலாக ஒரு வெளிச்சம் பரவியிருக்கும். பின் விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கிற மினி எல்இடி இந்த இரண்டுக்கும் நடுவில். நல்ல மினி எல்இடியில் கறுப்பு நிஜமாகவே ஆழமாக வரும், ஆனால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் நிலாவுக்கு வட்டம் கட்டின மாதிரி ஒரு ஒளி தெரியலாம்.

பெயரில் ஏமாந்துவிட வேண்டாம். எல்இடி டிவி, கியூஎல்இடி டிவி, மினி எல்இடி டிவி என்று கடையில் விற்பவை எல்லாம் எல்சிடிதான். பின் விளக்கும் நிறத்துக்கான அடுக்கும்தான் மாறுகின்றன. கியூஎல்இடிக்கும் ஓஎல்இடிக்கும் காதில் விழுவது ஒரு எழுத்து வித்தியாசம். அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, "ஓஎல்இடின்னுதானே அண்ணா வாங்கினேன்" என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கறுப்பைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அப்பா. ஊட்டி இந்து நகரில், இப்போது மூடிக் கிடக்கும் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கறுப்பு நிறைவாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பிலிமில் கறுப்பு என்பது உண்மையில் நுண்ணிய வெள்ளித் துகள்கள். அது குறைந்தால் மற்ற சாயல்களும் சேர்ந்து வெளிறும். டிவியும் அப்படித்தான். கறுப்பு சாம்பலானால் முகத்தின் நிழல், பட்டுப் புடவையின் மடிப்பு, காட்டுக்குள் நிற்கும் காட்டெருமையின் முதுகு எல்லாம் தட்டையாகிவிடும். ஓஎல்இடியும் ஒரு பிலிம் கம்பெனியில் பிறந்ததுதான் என்பது எனக்குத் தனி சந்தோஷம். அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய ஓஎல்இடிக்கு வழி திறந்தது. டிவியாக முதலில் கடைக்கு வந்தது 2007-இல், சோனி தயாரித்த 11 இஞ்ச் பெட்டி.

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஓஎல்இடி வாங்கலாமா? கூடாது. கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் கண்ணாடி வராந்தாவில் டிவி. பகல் முழுக்க வெயில், எதிரே தேயிலைச் சரிவு. அங்கே போய் ஓஎல்இடி வைத்தால் திரையில் தெரிவது தேயிலைத் தோட்டத்தின் பிம்பமாகத்தான் இருக்கும். அதோடு, திரை முழுதும் வெள்ளையாக வரும்போது ஓஎல்இடி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த வராந்தாவுக்குப் பிரகாசமான மினி எல்இடிதான் சரி என்று சொன்னேன், அதையே வாங்கினார்கள்.

அடுத்தது தழும்பு. ஓஎல்இடியில் ஒளி தருவது கரிமப் பொருள், எரிய எரியத் தேயும். ஒரே இடத்தில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேயும். ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறை டிவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஒரே செய்திச் சேனல், இரண்டு வருடம். சிவப்புப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். கீழே செய்தி ஓடும் பட்டை நீளவாக்கில் இருட்டாக, மேல் மூலையில் சேனல் முத்திரை எழுத்தோடு தெரிந்தது. அதைச் சரிசெய்ய வழி இல்லை. பேனல் மாற்றும் செலவு கிட்டத்தட்ட புது டிவி விலை. அந்த டிவி வாங்கும் முன் என்னிடம்தான் யோசனை கேட்டார்கள். என்ன சேனல் ஓடும் என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அதைத்தான் முதலில் கேட்கிறேன். நாள் முழுக்கச் செய்தியோ சீரியலோ ஓடும் வீட்டுக்கு எல்சிடி போதும். அதில் பின் விளக்குப் பட்டை போனால்கூட என் மேசையிலேயே மாற்றிவிட முடியும்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவோம். அது சரிதான், பிடுங்குங்கள். ஆனால் தினமும் படுக்கும்போது சுவிட்சை அணைக்கும் பழக்கம் ஓஎல்இடிக்கு ஆகாது. பல மாடல்களில், மொத்தம் நான்கு மணி நேரம் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்ததும், டிவி சில நிமிடம் தன் புள்ளிகளைத் தானே சோதித்துச் சமன் செய்துகொள்ளும். அதற்கு மெயின் கரண்ட் இருக்க வேண்டும். சுவிட்சையே அணைத்தால் அந்த வேலை நடக்காமலே போகும், தழும்பு சீக்கிரம் தெரியும்.

குளிரைப் பற்றியும் கேட்கிறார்கள். குளிரக் குளிர எல்சிடியின் படிகம் கொஞ்சம் மந்தமாகும். ஜனவரி காலையில் முதல் சில நிமிடம் வேகமான காட்சி இழுபட்டுத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சூடானதும் சரியாகிவிடும். ஓஎல்இடியின் புள்ளி மாறும் வேகம் இதைவிடப் பல மடங்கு அதிகம், கிரிக்கெட் பந்துக்குப் பின்னால் வால் வராது. பழைய பிளாஸ்மா டிவிகள் ஊட்டி உயரத்தில் ரீங்காரம் போடும், உள்ளே அடைத்த வாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் அழுத்த வித்தியாசம் என்பதால். எல்சிடி, ஓஎல்இடி இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்து டிவி ஏற்றி வரும்போது மட்டும் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். படுக்க வைத்தால் 14 கொண்டை ஊசி வளைவிலும் அந்த மெல்லிய பேனல் வளைந்து வளைந்து வரும். குளிரில் வந்த பெட்டியை வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, உள்ளே பூத்த ஈரம் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள்.

கடைக்குப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். அங்கே எல்லா டிவியும் பளீர் என்ற விவிட் மோடில் இருக்கும், மேலே ட்யூப்லைட் எரியும். அந்த வெளிச்சத்தில் எந்தக் கறுப்பும் கறுப்பாகத்தான் தெரியும். சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லி, முடிந்தால் அந்தப் பக்கத்து விளக்கையும் அணைக்கச் சொல்லி, ஒரு இரவுக் காட்சியைப் பாருங்கள். பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் எச்டி இல்லாத பழைய எஸ்டி வகையா என்றும் யோசியுங்கள். அதில் வருவது சுமார் 4 லட்சம் புள்ளி, மீதி 79 லட்சத்தை டிவி ஊகித்து நிரப்புகிறது. அந்த நிலையில் ஓஎல்இடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண்.

டீச்சர் வீட்டில் அன்று டிவியை மாற்றச் சொல்லவில்லை. விவிட் மோடை எடுத்துவிட்டு சினிமா மோடு வைத்தேன். 100-இல் இருந்த பேக்லைட்டை 35-க்குக் கொண்டுவந்தேன். டிவிக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் திரும்பிய மாதிரி ஒரு சின்ன வெள்ளை எல்இடி விளக்கை ஒட்டினேன். சுவரில் மங்கலான வெளிச்சம் பரவினால் கண்ணுக்குத் திரையின் சாம்பல் கறுப்பாகவே படும். மறுபடி அதே படத்தைப் போட்டோம். மூலை வெளிறல் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப மிஸ்ட் வெலகிடுச்சு தம்பி" என்றார்.