வென்ட் பைப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

எங்கள் மொட்டைமாடியில், கழிப்பறைக்கு நேர் மேலே, ஒரு பிவிசி குழாய் எதற்கென்றே தெரியாமல் நிற்கும், தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு தொப்பி. அதன் வழியாகத்தான் கொசு வருகிறது என்று போன வருடம் ஒரு பாலிதீன் பையால் வாயை இறுக்கிக் கட்டிவிட்டேன். இரண்டே நாளில், பிளஷ் செய்யும்போதெல்லாம் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நானி டிராப் களக் களக்கென்று விக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் நாற்றம். வந்த பிளம்பர் கீழே எதையும் தொடவில்லை, நேராக மாடிக்குப் போய்ப் பையை அவிழ்த்தார். "அண்ணே, இது வென்ட் பைப்பு. இதைப் போய்க் கட்டுவாங்களா?"

லத்தீனில் காற்றுக்கு வென்டுஸ் என்று பெயர். நம் ஜன்னலுக்கு மேலிருக்கும் வென்டிலேட்டரும் அதே வேரில் வந்ததுதான். (பிளம்பர் என்ற சொல் ஈயத்துக்கான பிளம்பும் என்பதிலிருந்து வந்தது, ரோமானியர்கள் குழாயை ஈயத்தில் செய்தார்கள்.)

சரி, பையைக் கட்டினால் ஏன் நாறுகிறது? டிராப்பில் எப்போதும் 50 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும், சாக்கடைக் காற்றைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பிளஷ் தண்ணீர் மொத்தமாகக் குழாயில் இறங்கும்போது அதன் பின்னால் காற்று குறையும், அந்தக் குறையை ஈடுகட்ட மாடியிலிருந்து காற்று வராவிட்டால் பக்கத்து டிராப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். களக் களக் அந்தச் சத்தம்தான்.

கொஞ்சம் பழைய மாடி வீடுகளில் கழிப்பறைக்கு ஒரு இரும்புக் குழாய், குளியலறைக்கும் அடுப்படிக்கும் வேறொன்று என்று இரண்டு தனித்தனியாக இறங்கும். இப்போது பல இடங்களில் 110 மி.மீ. பிவிசி ஒன்றிலேயே எல்லாம் விழுவதால், காற்று வழி அடைபட்டால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னும் பழைய முற்றத்து வீடுகளில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கணக்குழித் தண்ணீர் சலதாரை வழியாகத் திறந்தபடி வெளியே ஓடியது. அங்கணம் குறளிலேயே இருக்கிற சொல். தூம்பு, சுருங்கை எல்லாம் அதைப்போலப் பழையவை. மணிமேகலையில் பெண்கள் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. அதாவது தண்ணீர் போகும் வழிக்கு நம்மிடம் சொல் குவிந்து கிடக்கிறது. காற்று வரும் குழாய்க்கு மட்டும் ஒரு சொல்கூட என் கண்ணில் படவில்லை. திறந்த சாக்கடைக்குத் தனியாகக் காற்று எதற்கு?

ஆனால் தூம்பு வெறும் சாக்கடைச் சொல் இல்லை. உள்ளே துளை உள்ள எதற்கும் அது பொருந்தும்: ஏரி மதகு தூம்பு, மூங்கில் குழாய் தூம்பு, யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் ஊதுகருவி ஒன்றுக்கும் மலைபடுகடாத்தில் தூம்பு என்றே பெயர். காற்று போகும் குழாயைத் தூம்பு என்று நம்மவர்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள் என்பதால் வளித்தூம்பு என்றால் தப்பே இல்லை. ஆனால் ஹார்டுவேர் கடையில் போய் அப்படிக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும். புகைபோக்கி இருக்கிறதே, அதே அச்சில் காற்றுப்போக்கி என்பதுதான் என் தேர்வு. கேட்டதும் வேலை என்னவென்று புரிந்துவிடும்.

போன மாதம் அதே பிளம்பர் வந்தபோது, "காற்றுப்போக்கிக்கு இப்ப நைலான் வலை கட்டியிருக்கேன்" என்றேன். ஒரு நொடி விழித்தார். அப்புறம், "ஓ, காத்து பைப்பா! வலைன்னா சரிண்ணே, தூசி அடைக்காம அப்பப்ப தட்டி விடுங்க" என்றார்.