அடிக்காத ரப்பும் ஆடும் வேப்பிலையும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் என் மாமிக்கு, கனடாவின் ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒரு ரப் (ரப்லெற்) வாங்கி அனுப்பினாள். பெரிய திரை, நல்ல கமரா. ஆனால் மகள் அழைத்தால் அது அடிக்காது. மாமி தொட்டுத் திறந்த பிறகுதான் தவறிய அழைப்புகள் நாலைந்து வரிசையாக வந்து விழும். "பிள்ளை எடுத்திருக்கிறாள், இது சத்தமே போடேல்லை" என்பார். கோடையில் அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஏழரை. இருவருக்கும் பொருந்துகிற அந்தக் கொஞ்ச நேரம் தவறினால், அன்றைய பேச்சு போனதுதான்.

ஐபாடா, அன்ட்ரொயிட் ரப்பா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் திரையையும் கமராவையும்தான் ஒப்பிடுகிறார்கள். வயதானவர்களுக்கு வாங்குவதென்றால் நான் முதலில் பார்ப்பது, உறங்கும் ரப்பை ஓர் அழைப்பு எப்படி எழுப்புகிறது என்பதை.

திரை அணைந்ததும், ரப்பை நடத்தும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் செயலிகளை உறங்க வைக்கிறது. வட்ஸ்அப், வைபர், சூம் என்று ஒவ்வொன்றும் தன் சேர்வரோடு, அதாவது தன் நிறுவனத்தின் மையக் கணினியோடு, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் பற்றரி அரை நாள் தாங்காது. அதனால் இயங்குதளம் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஓர் இணைப்பை வைத்திருக்கிறது. ஐபாடில் அது அப்பிளின் சேர்வருக்கு, அன்ட்ரொயிடில் பெரும்பாலும் கூகுளின் சேர்வருக்கு. மகள் அழைத்ததும் ஒரு சின்னத் தகவல் அந்த வழியாக வந்து கதவைத் தட்டும். இயங்குதளம் செயலியை எழுப்பும். பிறகுதான் மணி.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. அப்பிள் 2016இல், இணைய அழைப்பும் சாதாரணத் தொலைபேசி அழைப்பைப் போலவே திரையில் வர வழி செய்தது. 2019 முதல் விதி இன்னும் இறுகியது: அழைப்புக்கான தகவலைப் பெற்ற செயலி உடனே அழைப்பைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இயங்குதளம் அதை நிறுத்திவிடும். அன்ட்ரொயிடில் 2015இல் ஆழ்ந்த உறக்க முறை வந்தது. அவசரத் தகவல் அதையும் தாண்டி உள்ளே வரும், அதில் குறை இல்லை. ஆனால் ரப் செய்யும் நிறுவனங்கள் சில, பற்றரியை மிச்சம் பிடிக்கத் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் மேலே போட்டுவிடுகின்றன. மாமியின் ரப்பில் நடந்தது அதுதான். அமைப்புகளில் அந்தச் செயலிக்கான பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கினேன். அன்று மாலையே அடித்தது.

செயலியைத் தேர்வதிலும் இதே கேள்வி உண்டு. அப்பிளின் சொந்த அழைப்புச் செயலியான பேஸ்ரைமின் படமும் குரலும் எனக்கு மிகவும் பிடித்தவை. 2021 முதல் அன்ட்ரொயிட்காரரும் ஓர் இணைப்பைத் தொட்டு உலாவி வழியே அதில் சேரலாம். ஆனால் அவரை நேரே அழைக்க முடியாது, அவர் பக்கம் மணி அடிக்காது. வட்ஸ்அப்பின் ஐபாட் செயலியோ 2025 மே மாதத்தில்தான் வந்தது. அதனால் பிள்ளைகள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே அம்மாவுக்கும் போட்டுக்கொடுங்கள்.

சரி, அழைப்பு வந்துவிட்டது. படம் ஏன் உறைகிறது?

அகலம் 640, உயரம் 480 புள்ளி கொண்ட சாதாரணப் படத்தை நொடிக்கு 30 தடவை அப்படியே அனுப்பினால், நிறத்தைச் சிக்கனமாகப் பதிந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபிற் (ஒரு மெகாபிற் என்பது பத்து இலட்சம் பிற்) தரவு போக வேண்டும். வீடியோ அழைப்போ அரை மெகாபிற்றிலும் நடக்கும். எப்படி? படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறார்கள். பின்னால் உள்ள சுவர் மாறவில்லை, விடு. தலை கொஞ்சம் நகர்ந்தது, எவ்வளவு என்று மட்டும் சொல்.

மாமிக்குப் பிடித்த இடம் முற்றத்து வேப்பமரத்தடி. ஆயிரம் இலைகள் ஆயிரம் பக்கம் ஆடுகின்றன. ஒரு கட்டமும் முந்தையதைப் போல இல்லை. இருக்கிற கொஞ்சப் பிற்றுகளை இலைகள் தின்றுவிட, மாமியின் முகம் கரைந்து போகிறது. இதற்கு ஐபாட், அன்ட்ரொயிட் வித்தியாசம் இல்லை.

குரலுக்கு இந்தப் பாடு இல்லை. பல செயலிகள் பயன்படுத்தும் ஓபஸ் என்ற முறை நொடிக்கு 6 கிலோபிற்றிலும் பேச்சைக் கொண்டுபோகும். இணைப்பு மெலிந்தால் செயலி முதலில் படத்தைக் குறைக்கிறது, குரலைக் கடைசிவரை காக்கிறது. வழியில் தொலைந்த துண்டுகளில் பலவற்றைத் திரும்பக் கேட்பதும் இல்லை. அது வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும்.

தூரம் மட்டும் எந்தச் செயலிக்கும் அடங்காது. இணையத் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோவுக்கு நேர்கோட்டிலேயே சுமார் 14,000 கிலோமீற்றர் என்பதால், போவதற்கு மட்டும் 70 மில்லிநொடி. கடலடிக் கேபிள்கள் சுற்றிப்போவதால் உண்மையில் இன்னும் கூடும். இருவரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, ஒரே நேரத்தில் நிறுத்துவது இதனால்தான். ஒரு மூச்சு பொறுத்துப் பேசச் சொல்லிக் கொடுத்தேன்.

மாமி இப்போது விறாந்தைச் சுவர்ப் பக்கமாகக் கதிரை போட்டுக் கதைக்கிறார். பேரன் வேப்பமரம் பார்க்கக் கேட்டால், காற்று விழும்வரை பார்த்திருந்து அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.