பென்டிரைவைச் சொருகினால் பில் ஏன் நிற்கிறது?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வந்து இறங்கும் விடிகாலையில் யாருக்கும் நின்று பேசப் பொழுதிருக்காது. அங்கே ஒரு கமிஷன் கடைக்குப் பில் போடும் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, 64 எம்பி ராம், லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஒரு வயர் எலெக்ட்ரானிக் தராசுக்கு, இன்னொன்று பில் பிரிண்டருக்கு. மூன்றாவது யூஎஸ்பி போர்ட்டில் கடைக்காரர் பென்டிரைவைச் சொருகி அன்றைய கணக்கை எடுத்துப் போவார்.

ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். "தம்பி, பென்டிரைவச் சொருகுனா பிரிண்டர் கம்முனு கெடக்கு. பத்து எண்ணுற வரைக்கும் பில்லு வரமாட்டேங்குது. ஆளு பூவத் தூக்கிட்டுப் போயிர்றான்" என்றார். "பிரிண்டரு மட்டம்ணே" என்று சொல்ல வாய் வந்தது. தப்பு என்னுடையது.

பென்டிரைவின் வாயை உற்றுப் பாருங்கள். நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் நீளம், நடு இரண்டும் குட்டை. ஓரத்தில் இருப்பவை 5 வோல்ட்டும் கிரவுண்டும். சொருகும்போது கரண்ட் முந்திப் பாய்ந்துவிடும், டேட்டா வயர்கள் ஒரு நொடிக்கும் குறைவாகப் பிந்தித் தொடும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் பயமில்லாமல் சொருகுவதற்கான முதல் ஏற்பாடு இந்த நீள வித்தியாசம்தான். டேட்டா வயர்கள் இரண்டையும் போர்டு தன் பக்கம் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் கிரவுண்டில் கட்டி வைத்திருக்கும். பென்டிரைவுக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் அதில் ஒன்றை மேலே இழுக்கும். வோல்டேஜ் ஏறியதும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று போர்டுக்குத் தெரிந்துவிடும். கை நடுக்கத்தில் தொட்டுத் தொட்டு விடுமே, அதற்காக 100 மில்லி செகண்ட் பொறுத்திருந்து, ரீசெட் கொடுத்து, 1 முதல் 127 வரை ஒரு விலாச எண்ணை ஒதுக்கி, "நீ யார்" என்று கேட்கும். 18 பைட்டில் பதில் வரும்: எந்தக் கம்பெனி, எந்தச் சரக்கு.

இதெல்லாம் ஒரு செகண்டுக்குள் முடிகிற காரியம். பில் நின்றது இதற்குப் பிறகு.

நாம் ஒரு பொருளைத்தான் சொருகுகிறோம். லினக்ஸின் மையமான கெர்னலோ அதைப் பத்துக்கும் மேற்பட்ட செய்திகளாக அறிவிக்கிறது. யூஎஸ்பி சாதனம் வந்தது, அதன் இன்டர்ஃபேஸ் வந்தது, டிஸ்க் வந்தது, டிஸ்க்குக்குள் ஃபைல்கள் இருக்கும் பகுதியான பார்ட்டிஷன் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செய்தி. இதற்கு யூஈவென்ட் என்று பெயர். எனக்கு வேண்டியது பார்ட்டிஷன் என்ற ஒன்றே ஒன்று.

நான் பழைய முறையில் வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு செய்திக்கும் கெர்னல் ஒரு புது புரோகிராமைக் கிளப்பிவிடும். நான் கொடுத்திருந்தது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல். அது தன் பங்குக்கு நாலைந்து சின்னப் புரோகிராம்களைக் கூப்பிடும். கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க, வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஊருக்குள் போய் ஒரு புது ஆளைக் கூட்டிவந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கூத்துதான். ஒரே கோர் உள்ள புராசசரில் ஒரு டஜன் ஸ்கிரிப்ட்கள் முட்டி மோத, பிரிண்டருக்கு எழுத வேண்டிய புரோகிராம் வரிசையின் கடைசியில் நின்றது. இதில் இன்னொரு வம்பும் உண்டு. கிளப்பிவிட்டவை போன வரிசையிலேயே முடியும் என்று உறுதி கிடையாது. பென்டிரைவைச் சொருகி உடனே உருவினால் "போய்விட்டது" முந்தி, "வந்தது" பிந்தி நடக்கலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு செய்தியிலும் ரேஷன் கடை டோக்கன் மாதிரி ஒரு வரிசை எண் இருக்கிறது.

மாற்று வழி நெட்லிங்க். கெர்னல் செய்திகளை ஒரு சாக்கெட்டில், அதாவது புரோகிராம்கள் செய்தி வாங்கும் குழாயில், போடும். ஒரே ஒரு புரோகிராம், பன்னீர்ச் செம்போடு வாசலிலேயே நிற்கிற ஆள் மாதிரி, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். செய்தி இல்லாதபோது தூங்கும், புராசசர் செலவு இல்லை. 2003ல் க்ரெக் க்ரோவா-ஹார்ட்மன் தொடங்கிய, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் புரோகிராம் பின்னாளில் இந்த வழிக்குத்தான் வந்தது. சின்னப் பெட்டிகளுக்குப் பிஸிபாக்ஸ் என்ற கருவித் தொகுப்பில் இதே வேலைக்கு எம்டெவ் இருக்கிறது. நான் இரண்டையும் விட்டுவிட்டு, சி மொழியில் இருநூறு வரிக்குள் ஒன்றை எழுதினேன். டிஸ்க், பார்ட்டிஷன் போன்ற பிளாக் டிவைஸ் தவிர மற்ற செய்திகளைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடும். தராசு, பிரிண்டர், பென்டிரைவ் மூன்றுக்குமான டிரைவர்களைக் கெர்னலோடு சேர்த்தே கட்டினேன், தனி ஃபைலாக இருக்கும் டிரைவரை (மாட்யூல்) தேடும் வேலை மிச்சம். சாதனங்களைத் திறக்கப் பயன்படும் டிவைஸ் ஃபைல்களை உருவாக்குவதை 2.6.32 கெர்னலிலிருந்து இருக்கும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் பார்த்துக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை: வாசல்காரன் வாசலை விட்டு நகரக் கூடாது. மவுன்ட் செய்வது (பென்டிரைவின் ஃபைல்களைத் திறந்து வைப்பது), ஃபைல் காப்பி எடுப்பது போன்ற நீண்ட வேலைகளை வேறொரு புராசஸிடம், குறைந்த முன்னுரிமையில், கொடுத்துவிட வேண்டும். சாக்கெட்டின் பஃபர் (செய்திகள் காத்திருக்கும் இடம்) நிரம்பினால் செய்திகள் தொலையும். அப்படித் தொலைந்ததாகப் பிழை வந்தால் கெர்னல் சாதனங்களின் பட்டியலைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸை ஒருமுறை முழுக்கப் படித்து நிலவரத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

பில் நிற்பது போனது. அடுத்த மாதம் வேறொன்று கிளம்பியது. கரண்ட் போய் வந்த ஒரு காலையில் பிரிண்டர் சும்மா இருக்க, தராசுக்குப் பில் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் பழைய சீரியல் வயரை யூஎஸ்பிக்கு மாற்றும் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வழியாக வருபவை. முதலில் கண்ணில் பட்டதற்கு 0, அடுத்ததற்கு 1 என்று கெர்னல் பெயர் வைக்கும். அன்றைக்கு முந்திக்கொண்டது பிரிண்டர். மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் தனி சீரியல் நம்பர் கிடையாது, அதனால் ஆளை வைத்துப் பிரிக்க வழியில்லை. எந்த போர்ட்டில் சொருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுத்தேன். பெட்டியின் மேல் பெயின்டில் "தராசு", "பிரிண்டர்" என்றும் எழுதிவிட்டேன். அந்தப் பெயின்ட் இல்லாமல் அந்தக் கோட் செல்லாது.

உருவுவதுதான் இன்னும் சிக்கல். எழுதச் சொன்னதை லினக்ஸ் உடனே பென்டிரைவில் எழுதாது, ராமில் வைத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 30 செகண்ட் வரைகூட வைத்திருக்கும். அதற்குள் உருவினால் கணக்கு அரைகுறை. எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது எழுத வைக்கலாம், ஆனால் வேகமும் போகும், பென்டிரைவும் சீக்கிரம் தேயும். காப்பி முடிந்ததும் சிங்க் செய்து (ராமில் இருப்பதை எழுதி முடித்து), அன்மவுன்ட் செய்து (பென்டிரைவை விடுவித்து), அதுவரை ஒரு சிவப்பு எல்இடியை எரிய விட்டேன்.

"சிவப்பு அணைஞ்சாத்தான் உருவணும்ணே."

"எங்க தம்பி அணையுது? மல்லிக மூட்டையப் பெட்டிக்கு முன்னாடில அடுக்கியிருக்கு" என்றார். லைட்டைப் பெட்டியின் மேல்பக்கம் மாற்றிக் கொடுத்தேன்.