ஷட்டில் கோர்ட்டில் டென்ஷன்: வயதுக்கு வயது வேறு

“டென்ஷன் ஆகாம ஆடு!” இந்தக் குரல் கேட்காத ஷட்டில் போட்டியே கிடையாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். மாநில அணித் தேர்வுக்கு ஆடும் பதினேழு வயதுப் பையனுக்கும், நாற்பதைத் தாண்டி மாஸ்டர்ஸ் போட்டிக்கு வந்திருக்கும் வங்கி ஊழியருக்கும் இதேதான். விளையாட்டு உளவியலாளராக இவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தால் மூவரின் டென்ஷனுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதும் வேறு.

பதற்றம் ஏறினால் முதலில் கை காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டிலில் பிடி தளர்வாக இருந்து, அடிக்கும் நொடியில் மட்டும் இறுக வேண்டும். பயத்தில் முன்கூட்டியே இறுகிவிட்டால் டிராப், நெட் ஷாட், டபுள்ஸில் போடும் ஷார்ட் சர்வீஸ் என்று மெதுவாகத் தட்ட வேண்டியதெல்லாம் கெட்டுப்போகும். வேகமாக இறக்கி அடிக்கும் ஸ்மாஷ் அந்த அளவுக்குக் கெடாது. சிலருக்குக் கோபத்தில் இன்னும் நன்றாகவே விழும். பதற்றத்தில் இருப்பவர் கிடைத்ததையெல்லாம் ஸ்மாஷ் அடிப்பது இதனால்தான். ஆறப்போடவும் நேரம் கிடையாது. ஒருவர் 11 புள்ளியை எட்டியதும் 60 நொடி, கேம்களுக்கு நடுவே 120 நொடி, அவ்வளவுதான் இடைவேளை.

அதற்காக எல்லாரும் அமைதியாகவே ஆட வேண்டும் என்றில்லை. நன்றாக ஆடத் தேவையான பதற்ற அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்று விளையாட்டு உளவியலாளர் யூரி ஹனின் பல வருடங்களுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். பி.வி. சிந்துவை அவருடைய கோச் கோபிசந்த் கோர்ட்டின் நடுவில் நிற்கவைத்துக் கத்தச் சொல்லிப் பழக்கிய கதை பலருக்கும் தெரியும். அமைதியான அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது சூடு.

பத்திலிருந்து பதிமூன்று வயதுப் பிள்ளைகள் தோற்றதும் அழுவார்கள், கொஞ்ச நேரத்தில் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதில் கவலைப்பட எதுவும் இல்லை. நான் கவலைப்படுவது ஒவ்வொரு புள்ளிக்கும் கேலரியைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையைப் பற்றித்தான். அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது, அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரா என்று பார்த்த பிறகே அடுத்த சர்வீஸுக்குத் தயாராகும். பாதிக் கவனம் அங்கேயே போய்விடுகிறது. ஃபெதர் ஷட்டில் விற்கும் விலையில் பெற்றோருக்கு இது பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டத்தை அலச வேண்டாம், சாப்பிட என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையாகப் பேச்சை எடுத்தால் பேசலாம்.

எனக்கு அதிக வேலை வைப்பது 15 முதல் 19 வரையிலான வயது. ரேங்கிங், அணித் தேர்வு, ஸ்போர்ட்ஸ் கோட்டா, பொதுத்தேர்வு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நேற்று வரை தோற்றுக்கொண்டிருந்த அகாடமி நண்பன் திடீரென்று வளர்ந்து இன்று ஜெயிப்பான். உணர்ச்சியை நிதானிக்கவைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். அதனால் ஒரு தவறு செய்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு, அந்தக் கோபத்திலேயே அடுத்த மூன்று நான்கு புள்ளிகளையும் கொடுத்துவிடுவார்கள்.

முன்னிலையில் இருக்கும்போது வரும் பயம் இதைவிடச் சிக்கலானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியாவின் லக்‌ஷ்யா சென், டென்மார்க்கின் விக்டர் அக்செல்செனுக்கு எதிராக முதல் கேமில் 20-17 என, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கேம் என்ற நிலையில் முன்னால் இருந்து 20-22 எனத் தோற்றார். இரண்டாவது கேமில் 7-0 வரை போய், 14-21. அப்போது அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. எதிரே நின்றவரும் டோக்கியோவில் தங்கம் வென்றவர். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் அந்த ஸ்கோரைப் பார்த்ததும், “20 வந்தா எனக்கும் இப்படித்தான் ஆகுது” என்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு முன்னால் ஓடிவிடுகிறது. தவறு செய்யக் கூடாது என்று பாதுகாப்பாக ஆடும்போது ஷட்டில் நடு கோர்ட்டில் விழுகிறது. எதிராளிக்கு அது போதும்.

இதைப் பேசித் தீர்ப்பதைவிடப் பழக்கிவிடுவதே மேல். பயிற்சி ஆட்டங்களை 18-15, 19-19 என்று தொடங்கச் சொல்கிறேன். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மூச்சை நீளமாக விட்டு, விரல்களைத் தளர்த்தி, அடுத்த சர்வீஸை மட்டும் முடிவுசெய்ய வேண்டும். கோச்சுகளிடம் ஒரு வேண்டுகோள்: அந்த 60 நொடியில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஒன்றும் ஏறாது. அப்புறம், மாதவிடாய் நாளில் ஆட வந்துவிட்டு அதை ஆண் கோச்சிடம் சொல்லக் கூச்சப்பட்டு, “ஏன் மந்தமா இருக்க?” என்று திட்டு வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லும்படி நடந்துகொள்வது நம் பொறுப்பு.

போட்டி நெருங்கும்போதெல்லாம் வயிற்றுவலி, தூக்கமின்மை, “இனி ஆட மாட்டேன்” என்ற பேச்சு எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல் ஒரு மனநல நிபுணரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக மாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள். இவர்களுக்கான உலக சீனியர் போட்டிகளில் பிரிவுகள் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதாக ஏறும். இந்த வயதில் தோல்வி பெரிதாக உறுத்துவதில்லை, அடுத்த டீயோடு போய்விடும். கோபமெல்லாம் தன் உடம்பின் மேல்தான். இருபதில் எட்டிய மூலையை இப்போதும் எட்டிவிடலாம் என்று பாய்ந்து, தசையைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். டபுள்ஸ் பார்ட்னர் மேல் எரிந்துவிழுவதும் பெரும்பாலும் அந்த எரிச்சலே. இவர்களிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆடும்போது நெஞ்சை அழுத்துவது, இடது கையோ தாடையோ கனப்பது, வழக்கத்துக்கு மாறாக வியர்ப்பது இவற்றை “மேட்ச் டென்ஷன்” என்று தள்ளிவிட்டு ஆடாதீர்கள். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி 108-ஐ அழைக்கவையுங்கள். கொஞ்சம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுங்கள்.