ஒரு கையெழுத்துதானே, பிரதர்?

"சார், நான் கடன் வாங்கவே இல்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் சிவில் வழக்கு நடத்துகிற எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். கடைசியாகச் சொன்னவர் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சர்ச் சபையில் கூடப் பாடுகிற பிரதர் ஒருவர் லோடு வண்டி வாங்க ஃபைனான்ஸில் கடன் எடுத்தார். இவர் ஜாமீன். இப்போது வண்டியும் இல்லை, பிரதரும் ஊரில் இல்லை. சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி பள்ளிக்கு கோர்ட் உத்தரவு போன அன்றைக்குத்தான் வீட்டம்மாவுக்கே சங்கதி தெரியும்.

கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். சம்பளம் 31,000. முதல் ஆயிரத்தைத் தொட முடியாது. மீதி 30,000-இல் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஆக மாதம் 10,000 பிடிப்பார்கள். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம். அதற்கே 2,40,000 போய்விடும். சொந்தமாக வீடு, மனை இருந்தால் அதன் மேல் வருவது தனி. அந்தம்மா பேப்பரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எனக்கு எரிச்சல் வரும் இடம். ஜாமீன் போட்டவர்களில் பெரும்பாலானோர் நம்புவது இதுதான்: "முதலில் கடன் வாங்கினவரிடம்தான் கேட்பார்கள். அவர் வண்டி, வீடு எல்லாவற்றையும் ஏலம் போட்டு, அதற்கும் பணம் பற்றாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள்." இல்லை. இல்லவே இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. அந்த "வேறு மாதிரி"யை எந்த ஃபைனான்ஸ்காரரும் உங்களுக்காக எழுதப் போவதில்லை. பாதிப் பொறுப்பு, இரண்டாவது பொறுப்பு என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது. தாமோதர் பிரசாத் என்பவர் கடனுக்கு வங்கி தொடுத்த வழக்கில் அரை நூற்றாண்டுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடனாளியைத் துரத்தி முடித்துவிட்டு வா என்று கடன் கொடுத்தவரிடம் சொல்ல முடியாது. ஜாமீன்தாரரை நேராகவே பிடிக்கலாம். யோசித்தால் அதில் நியாயமும் இருக்கிறது. கடன் வாங்கினவர் ஓடிவிடக்கூடும் என்றுதானே ஜாமீன் கேட்கிறார்கள்? மாதச் சம்பளம் வாங்குகிற, முகவரி மாறாத நீங்கள்தான் அவர்களுக்கு வசதி.

சரி, விசுவாசிகள் ஏன் இதில் அதிகம் சிக்குகிறார்கள்? மறுத்தால் அன்பில்லாதவன் என்று ஆகிவிடுமோ என்ற பயம். கேட்பவரும் கையில் வசனத்தோடுதான் வருவார். தம்பி பென்யமீனுக்காக யூதா உத்தரவாதம் பண்ணவில்லையா, ஒநேசிமு என்ற அடிமையின் கடனை என் கணக்கில் வை என்று பவுல் எழுதவில்லையா, இயேசுவே நமக்குப் பிணையாளி இல்லையா என்பார். எல்லாம் வேதத்தில் இருப்பதுதான். பவுல் அதே இடத்தில் "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்றும் தன் கையால் எழுதியிருக்கிறார். அதாவது கட்டுவதற்குத் தயாராக இருந்துதான் எழுதினார். நம் ஆட்கள் கட்ட வேண்டி வராது என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதே வேதத்தில் நீதிமொழிகள் 6, 11, 17, 22 என்று நான்கு அதிகாரங்களில் பிணைப்படாதே என்ற எச்சரிக்கை வருகிறது. 22:27 படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்கிறது. ஜப்தி பார்த்தவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பிரசங்கத்தில் இந்தப் பகுதியை நான் கேட்டது அபூர்வம். ஃபாதர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆராதனை முடிந்த கையோடு, "இந்தத் தம்பிக்கு யாராவது ஜாமீன் போடுங்கப்பா" என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காகப் போடுகிறார்கள்.

"உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு" என்ற வசனம் இருக்கிறதே என்றால், கொடுங்கள். உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள். இந்த ஊரின் பழைய வட்டிக்கடைக் கணக்குகளில் மகமை என்று தர்மத்துக்குத் தனிக் கணக்கு வைத்து எடுத்துவைப்பார்கள். பர்மா வரை போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் தர்மத்தையும் கணக்கில் எழுதித்தான் செய்தார்கள். நீங்களும் சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) போக, சகோதரர் அவசரத்துக்கென்று மாதம் ஐந்நூறோ ஆயிரமோ ஒதுக்குங்கள். மூன்று லட்சத்துக்குக் கையெழுத்து கேட்டு வருபவருக்கு, "அண்ணே, கையெழுத்து முடியாது, இந்தப் பத்தாயிரத்தை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லலாம். போனாலும் பத்தாயிரத்தோடு போகும்.

அதையும் மீறிப் போடத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வீட்டில் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் கையெழுத்து வேண்டாம். தொகை, வட்டி, தவணை எழுதாத எந்தத் தாளிலும் பேனாவை வைக்காதீர்கள். ஸ்டாம்ப் ஒட்டின வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பார்க்கிறது. செக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது, ஜாமீன்தாரர் கொடுத்த செக் என்றாலும்தான். கையெழுத்துப் போட்ட எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். சிபில் அறிக்கை (உங்கள் கடன் வரலாறு) வருடத்துக்கு ஒருமுறை இலவசம், எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கினவர் தவணை தவறினால் உங்கள் பெயரும் அங்கே கெடும். அப்புறம் மகளின் படிப்புக் கடனுக்குப் போய் நிற்கும்போது மேனேஜர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஜெபக் குழுச் சகோதரிகளே, வாராவாரம் வசூலிக்கிற குழுக் கடனில் நீங்கள் போடுவதும் பல இடங்களில் இதே கையெழுத்துதான்.

ஏற்கெனவே கட்டித் தொலைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டிய பணத்தைக் கடனாளியிடம் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 145 அதற்குத்தான். ஆனால் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. "சகோதரனோடே சகோதரன் வழக்காடக் கூடாதே சார்" என்று 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தில் பவுல், வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்றும் கேட்கிறார். மூப்பர்களைக் கூட்டுங்கள், பேசுங்கள், பேசினதை எழுதிக் கடனாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். சும்மா பேசிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு நிற்காது.

கோர்ட் கவர் வந்தால், தயவுசெய்து பிரியுங்கள். பிரிக்காமல் பைபிளுக்குள் வைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். சம்மன் கைக்கு வந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை (உங்கள் தரப்பு எழுத்துப் பதில்) போட வேண்டும். ஆஜராகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். ஜெபித்துவிட்டு அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். கையோடு ஒப்பந்த நகலையும் கொண்டு வாருங்கள்.