எதிர்கால நகரம் வாய்க்காலில் தொடங்குகிறது

எதிர்கால நகரம் என்றதும் கண்ணாடிக் கோபுரங்களும் மாடிதோறும் மரங்களும் வானத்தில் ஓடும் வண்டிகளும் நிறைந்த படங்கள்தான் கண்முன் வரும். சவூதி அரேபியப் பாலைவனத்தில் 170 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரே கோடாக அறிவிக்கப்பட்ட 'த லைன்' நகரம் அந்த வகையின் உச்சம். முதலீட்டாளரின் மனம் கவர வரையப்படும் படங்கள் அவை. நகரைத் திட்டமிடுவோர் வேலை செய்யும் மேசையில் முதலில் விரிக்கப்படுவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடம். மழை எங்கே விழுந்து எங்கே போகும் என்று தெரிந்த பிறகே வீதியும் கட்டடமும் அதில் இடம்பிடிக்கின்றன.

அந்த வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, அதன்மேல் மழையைப் பெய்யவிட்டுப் பார்க்கிறார்கள். பத்தாண்டு மழை, நூறாண்டு மழை என்று பல அளவுகள் உண்டு. (நூறாண்டு மழை என்றால் எந்த வருடத்திலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். போன வருடம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிட முடியாது.)

இந்தக் கணக்கை ஒரு வளவில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பரப்புக் காணி ஏறத்தாழ 500 சதுர மீற்றர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழும் நீர் 25,000 லீற்றர். வளவு மண்ணும் மரமுமாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 5,000 லீற்றர் அளவுதான் படலையைத் தாண்டும். முற்றம் முழுவதும் சீமெந்து போட்டுவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு, 22,500 லீற்றர், ஒழுங்கைக்கு வந்துவிடும். மழையும் காணியும் அதேதான், வெள்ளம் மட்டும் நாலரை மடங்கு. இதற்கு நம்மவர் செய்யும் வைத்தியம் மதிலை உயர்த்துவது. வெள்ளம் அயல் வீட்டுக்குப் போகும், மனஸ்தாபம் நம் வீட்டுக்கு வரும்.

நெதர்லாந்தின் றொட்டர்டாமில் 2013இல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் சதுக்கம் வேறு வழியைக் காட்டியது. அங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. மற்ற நாட்களில் பிள்ளைகள் பந்தும் சறுக்குப் பலகையுமாக விளையாடுவது அவற்றில்தான். சிறு மழைக்கு ஆழம் குறைந்த இரண்டும் நிரம்பும். பெருமழைக்கு மட்டும் மூன்றாவது ஆழமான பள்ளம் திறந்துகொள்ளும். மொத்தக் கொள்ளளவு சுமார் 17 இலட்சம் லீற்றர். சீனாவும் 2015 முதல் நகரங்களைத் தேர்ந்தெடுத்து, நீரை உறிஞ்சி வைக்கும் 'பஞ்சு நகரங்களாக' மாற்றும் பெரிய திட்டத்தை நடத்திவருகிறது.

யாழ்ப்பாண நகரின் ஆரியகுளம், புல்லுக்குளம் போன்ற குளங்களுக்கும் மாரி வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதுதான் வேலை. நிறைந்தால் மிச்சம் வாய்க்கால் வழியே கடல்நீரேரிக்குப் போகும். பல குளங்கள் தூர்ந்துபோயின, சிலவற்றின்மேல் கட்டடமே நிற்கிறது. 2020 டிசெம்பரில் புரேவிப் புயலோடு வந்த மழையில் தாழ்ந்த பகுதிகள் நீருக்குள் நின்றன. சமதரையில் நீருக்கு வழி மறந்தால் அப்படித்தான்.

ஆனால் வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதி அடைய இங்கே முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்து, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. இந்தச் சிறு வித்தியாசத்தால், நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அரை மீற்றர் குறைந்து அப்படியே நீடித்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 20 மீற்றர் ஏறிவிடும். கடலுக்கு ஓடவிட்ட மழை, அடுத்த சித்திரையில் கிணற்றடியில் தெரியும்.

அதற்காக றொட்டர்டாம் பள்ளத்தை அப்படியே இங்கே வெட்டிவிடவும் கூடாது. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் அதிகம். சுண்ணாம்புக்கல்லில் இயற்கையாக அமைந்த ஆழமான நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். செம்மண் தடிப்பாக உள்ள இடங்களில் நீர் ஓரளவு வடிகட்டப்படும். கல் மேலே தெரியும் இடங்களில் வீதி எண்ணெயும் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் நேரே கிணற்றுக்குத்தான் போகும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைத்திரேற்று என்னும் உப்பு கூடியிருப்பது ஏற்கெனவே பதிவான விடயம்.

ஆகவே இங்கு கூரை நீரையும் வீதி நீரையும் பிரித்தே வரைய வேண்டும். கூரை நீர் மணலும் சரளையும் போட்ட தொட்டியைக் கடந்து நிலத்துக்குள் இறங்கலாம். வீதி நீர் புல் வளர்ந்த தாழ்ந்த வாய்க்காலில் மெல்ல நகர்ந்து, குளத்தில் தங்கிக் கசடு படிந்த பிறகே இறங்க வேண்டும். கழிவுநீருக்குத் தனிக் குழாய் இல்லாத வரை இவையெல்லாம் அரைவேலைதான், அதற்குப் பெரும் பணமும் வேண்டும். பணம் வேண்டாத காரியமும் ஒன்று உண்டு: வீட்டு வரைபடத்தில் அறைகளை அளந்து குறிப்பது போல, வளவில் எத்தனை பங்கு மண்ணாக விடப்படுகிறது என்பதையும் குறிப்பது.